மேரியக்கா வீட்டு ஃபிரிட்ஜ்

செவ்வாய், இரவு.

தூக்கம் வரவில்லை. எங்கள் சர்ச் குழு மாதாமாதம் அரிசி கொடுக்கும் சிவாஜிநகர் வீடுகளை இன்று பார்க்கப் போனேன். ஃபிரிட்ஜ் இருக்கிற வீட்டுக்கு அரிசி கிடையாது, அது குழுவின் விதி. மேரியக்கா வீட்டில் ஒன்று நின்றது. பதறிப்போய்த் திறந்து காட்டினார். கம்ப்ரசர் போன பழைய பெட்டி. உள்ளே அரிசி, பிள்ளைகளின் புத்தகங்கள்.

குழுவின் செயலாளருக்கு அங்கிருந்தே போன் போட்டுச் சொன்னேன்.

"ஃபிரிட்ஜ்னா ஃபிரிட்ஜ்தான்மா. நாளைக்கு நானே வந்து பாக்குறேன்."

"அக்கா, காலைக்குள்ள இதை வெளியே தள்ளிடுங்க" என்று மேரியக்காவிடம் கெஞ்சினேன்.

"தள்ளிட்டா, நீங்க குடுக்குற அரிசிய எலி தின்னுடுமேம்மா."

விதி போட்டவர்கள் வீட்டில் எலி இல்லை போலும்.

இப்போது மழை பிடித்திருக்கிறது. அந்தப் பெட்டி உள்ளே நிற்கிறதோ, தெருவில் நனைகிறதோ.