படிவத்தில் இல்லாத குறை

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு வருடமாகப் பேசாதவன் திடீரென்று எழுதுகிறானே என்று திகைக்காதே. போனில் என்றால் இரண்டாவது நிமிடமே சண்டை வந்துவிடும். விஷயம் இதுதான்: என் பித்தப்பையில் நாலு கல். வயிற்றில் சின்னத் துளை போட்டு, எண்டோஸ்கோப் குழாயை உள்ளே விட்டு, திரையில் பார்த்தபடியே பையை எடுத்துவிடலாம் என்கிறார் டாக்டர். என் மனைவிக்கும் அதே பிடிவாதம். நான்தான் மாட்டேன் என்கிறேன்.

ஆபரேஷன் தியேட்டரில் நீ தினமும் பிடிக்கிற அந்தக் குழாய்களைக் கம்பெனியில் சோதித்துக் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறவன் நான். பதினெட்டு வருடமாக ஒரே வேலை. கருப்புக் கோடு போட்ட அட்டையைக் குழாய் வழியாகப் பார்த்து, குறைகளைப் படிவத்தில் குறிக்க வேண்டும். பென்சில் கனக் குழாய்க்குள் அத்தனை லென்ஸை அடுக்கினால் சும்மா இருக்குமா? நடுவில் நேராக இருக்கிற கோடு ஓரத்தில் வில்லாக வளையும். நடுவில் பளிச்சென்று இருக்கும், ஓரத்தில் மங்கலும் இருட்டும்தான். கிட்டே இருப்பது பூதாகாரமாகத் தெரியும், கொஞ்சம் தள்ளிப் போனால் துளியாகிவிடும். ஆழமும் தெரியாது. அளவுக்குள் இருந்தால் 'சரி' என்று போட்டுவிடுவோம். அந்த ஓட்டை வழியாகப் பார்த்தா என் வயிற்றில் கத்தி வைப்பது? கிழித்தே எடுங்கள் என்றேன். சிரிக்கிறார்கள்.

இப்படிக்கு,
பயந்தாங்கொள்ளித் தம்பி

மார்ச் 9

அன்புத் தம்பிக்கு,

கல் வந்த பிறகாவது அக்கா ஞாபகம் வந்ததே, சந்தோஷம்.

உன் பட்டியலில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் எங்களை அதிகம் படுத்துகிற குறை அதில் இல்லவே இல்லை. அதுதான் ஆவி. ஏசி அறையிலிருந்து உடம்புச் சூட்டுக்குள் போனதும் லென்ஸ் மூடிக்கொள்ளும். கண்ணாடி போட்டவன் சூடான டீயை வாயருகே கொண்டுபோன மாதிரிதான். அதனால் வெந்நீரில் முக்கித்தான் உள்ளே விடுவோம். காய்ந்த அட்டையையே பார்த்தவனுக்கு இது எப்படித் தெரியும்?

ஓரம் வளையும் என்று எனக்கும் தெரியும். அதனால் ஓரத்தில் தெரிவதை நம்பி எதையும் வெட்டுவதில்லை. சந்தேகம் வந்தால் குழாயை நகர்த்தி, அதை நடுவுக்குக் கொண்டுவந்து பார்ப்போம்.

அந்த ஓட்டை வழியாகத்தானே நான் முதன்முதலில் உயிருள்ள கல்லீரலைப் பார்த்தேன்! கிழித்துப் பார்த்தால் நம் தலை நிழலே மறைக்கும். இதில் வெளிச்சமே உள்ளே போகிறது. எல்லாம் மழையில் கழுவின மாதிரி மின்னுகிறது. முடி கனத்தில் ஒரு ரத்தக்குழாய் துடிப்பதுகூடத் தெரிகிறது. ஆயிரம் தடவைக்கு மேல் பார்த்தாயிற்று, இன்னும் அலுக்கவில்லையடா.

எங்கள் ஆஸ்பத்திரிக்கே வா. சொந்தத் தம்பியை நான் வெட்டக் கூடாது. என் சீனியர் செய்வார், கேமரா மட்டும் நான் பிடிக்கிறேன். "கத்தி என் கையில, கண்ணு உன் கையில. சம்மதமா?" என்று கேட்டார். தலையாட்டிவிட்டேன்.

உன் அக்கா

மார்ச் 14

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு, வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் ஒரு குழாயைப் பிடித்துப் பார்த்தேன். அட்டையே காணாமல் போயிற்று! மேலாளர் எட்டிப் பார்த்து, "என்னப்பா, சமையலா?" என்றார். பதினெட்டு வருடக் கையெழுத்தை நினைத்து வெட்கமாக இருந்தது.

வருகிறேன். ஆனால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இரண்டு வருடம் முன்பு அம்மா போன அன்று நீ ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் ரிப்போர்ட்டுகளைப் புரட்டிக்கொண்டு நின்றாய். "இவளுக்கு மனசே இல்ல"ன்னு எல்லார் முன்னாலும் சொன்னது நான்தான். இன்னமும் அப்படித்தான் நினைக்கிறேன். அப்படிப்பட்டவள் பிடித்தால் கேமரா ஆடாது என்ற தைரியத்தில்தான் வருகிறேன் என்று வைத்துக்கொள். நடப்பது முழுவதையும் பேச்சோடு பதிவு செய்து எனக்குக் கொடு.

தம்பி

ஏப்ரல் 6

தம்பிக்கு,

தையல் ஆறிவிட்டதா? கனமான எதையும் தூக்காதே, வீரம் காட்டாதே. கேட்டபடி முழுப் பதிவையும் அனுப்பியிருக்கிறேன். நீயே சோதித்துப் படிவத்தை நிரப்பு. நான் இன்னும் அதைப் போட்டுப் பார்க்கவில்லை.

அக்கா

ஏப்ரல் 12

என் அக்காவுக்கு,

பார்த்தேன். மனைவி பாதியிலேயே எழுந்து ஓடிவிட்டாள்.

என் கல்லீரல்! இத்தனை வருடம் என்னோடு இருந்ததை இப்போதுதான் பார்க்கிறேன். கை தானாகக் கூப்பிக்கொண்டது. ஓரம் வளைந்துதான் இருந்தது, இருட்டும் இருந்தது. ஆனால் அந்த மெல்லிய பித்தக்குழாய் ஓரத்தில் தலைகாட்டிய ஒவ்வொரு முறையும் நடுவுக்கு வந்து நின்றது. லென்ஸைத் துடைக்கப் பதினொரு தடவை குழாயை வெளியே எடுத்தாய். முதல் ஐம்பது நிமிடமும் படம் ஆணி அடித்த மாதிரி ஆடவே இல்லை.

ஐம்பத்து மூன்றாவது நிமிடத்தில் ரத்தம் பீய்ச்சியடித்து லென்ஸ் முழுவதும் சிவப்பாகிவிட்டது. "துடைச்சுட்டு வாம்மா" என்று சீனியர் குரல் கேட்டது. திரும்ப உள்ளே வந்தபோது படம் நடுங்கியது.

"என்னம்மா, கை ஆடுது?"

"என் தம்பி சார்."

அவ்வளவுதான் சொன்னாய். அவர் ரத்தம் வந்த இடத்தை அழுத்திப் பிடித்தபடி, கத்தியை நகர்த்தாமல் காத்திருந்தார். அரை நிமிடம் கழித்துப் படம் நின்றது. அந்த அரை நிமிடத்தை எத்தனை தடவை போட்டுப் பார்த்தேனோ, எனக்கே தெரியாது. அழுதேன், அக்கா.

படிவத்தை நிரப்பி இத்துடன் வைத்திருக்கிறேன். மங்கல், வளைவு, இருட்டு எல்லாம் குறித்தாயிற்று. ஆவிக்கு நானே கையால் ஒரு கட்டம் போட்டேன். நடுக்கத்துக்கு மட்டும் கட்டம் போட மனம் வரவில்லை.

அம்மா போன அன்று நான் பார்த்தது வெறும் ஓரம். என்னை மன்னித்துவிடு. ஞாயிற்றுக்கிழமை போன் செய்கிறேன், எடு.

உன் தம்பி