செத்தவன் வாசலில் வந்து நின்ற படம்

மொன்றியல்,
14.2.1988

அன்பு மனைவி குணேஸ்வரிக்கு,

நான் சுகம். நீரும் பிள்ளையும் சுகமாயிருக்கப் பிள்ளையாரைக் கும்பிடுகிறேன். உம்முடைய இருமல் நின்றுவிட்டதா?

பக்கத்தில் லொங்குய் என்ற ஊரில் பழைய ஊமைப்படங்களைச் சேர்த்துவைக்கும் ஒரு கிழவரிடம் எனக்கு வேலை. திருகோணமலைத் தியேட்டரில் படம் ஓட்டியவன் என்றதும் எடுத்துவிட்டார். போன ஞாயிறு டென்மார்க் படமொன்றைக் காட்டினோம். கப்பலில் போன கணவனுக்காக ஒருத்தி காத்திருக்கிற கதை. அந்தக் காலத்தில் ஒரே படத்துக்கு இரண்டு முடிவு எடுப்பார்களாம். தங்கள் நாட்டில் காட்டும் படத்தில் அவன் திரும்பி வருவான். சோகத்தை விரும்பும் ரஷ்யாவுக்கு அனுப்பும் படத்தில் கடலில் சாவான். கிழவரிடம் இருந்த படப்பெட்டியில் இரண்டு முடிவும் கிடந்தன. எனக்கு அது தெரியாது. ஒரு ரீலை விட்டாலும் நம் ஊரில் கதிரையை உடைப்பார்களே என்று எல்லாவற்றையும் ஒட்டி ஓட்டிவிட்டேன். அவன் செத்தான், அவள் கறுப்பு உடுத்தி அழுதாள், பிறகு அவன் வாசலில் வந்து நின்றான். சனம் விழுந்து விழுந்து சிரித்தது.

என்னோடு ஒரே அறையில் இருக்கும் பேரின்பநாயகம் அண்ணையும் வந்திருந்தார். "என்னடாப்பா, செத்தவன் எப்பிடி வந்தவன்?" என்றார்.

"ஏன் அண்ணை, நான் வரேல்லையே?" என்றேன்.

நான் வந்த கப்பல் கடலில் தாண்டுபோனது என்ற கதையை நம்பி நீர் எனக்கு எட்டுச் செலவுப் படையலும் முடித்த பிறகுதானே என் முதல் கடிதம் வந்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

ஒரு சின்ன உதவி. என்னுடைய பழைய போட்டோ ஒன்றும் என்னிடம் இல்லை. எட்டுச் செலவன்று ஒரு படத்துக்கு மாலை போட்டீரே, அதை அனுப்பும். கண்ணாடிச் சட்டம் வேண்டாம், பாரம்.

பஸ் வருகிறது, முடிக்கிறேன். பேந்து அனுப்பினாலும் பரவாயில்லை. முதலில் சுவரிலிருந்து கழற்றிவிடும்.

உமது
கணேசலிங்கம்