பிணையில் வந்தவனும் வீட்டுக்குள் நாங்களும்

இன்று காலை மேல்மாடி வீட்டில் யாருடைய போனிலோ மெசேஜ் வரும் அந்த ஒலி கேட்டது, தண்ணீர்த்துளி விழுவதுபோல. மகள் தேநீர்க் கோப்பையை அப்படியே வைத்துவிட்டுக் குசினிக்குள் போய் அடுப்புப் பக்கச் சுவரோடு ஒட்டி நின்றாள். “என்ர போன் இல்லை அப்பா” என்றாள். எனக்குத் தெரியும். அவளுடைய போனில் அந்தச் சத்தத்தை நிறுத்திக் கொடுத்தது அவளின் அம்மா நீர்தானே.

நீர் இல்லாத இந்த வெள்ளவத்தை வீட்டில் இதை நான் வேறு யாரிடம் சொல்வது?

கொரோனாவுக்காகப் பள்ளிக்கூடங்கள் பூட்டியிருந்த காலம். அவளுக்குப் பதினாலு வயது. ஒன்லைன் வகுப்புக்கென்று போன் வாங்கிக் கொடுத்திருந்தோம். ஒரு மத்தியானம் நீர் அவளுடைய அறையிலிருந்து வந்து, கதவை மெல்லச் சாத்திவிட்டு என் பக்கத்தில் இருந்தீர்.

“இஞ்சருங்கோ, பிள்ளை ஒண்டு சொன்னவள். கத்தாமல் கேளுங்கோ.”

தன் வயதுப் பிள்ளை என்று நம்பி அவள் போனில் பழகியது, வளர்ந்த ஒரு ஆணோடு. நயமாகக் கதைத்து ஒரு படத்தை வாங்கியிருந்தான். இன்னும் அனுப்பாவிட்டால் அதை வகுப்பு முழுவதற்கும் அனுப்புவேன் என்று வெருட்டிக்கொண்டிருந்தான். “என்ன படம் எண்டு மட்டும் அவளிட்டைக் கேட்காதேங்கோ” என்றீர். இன்றுவரை நான் கேட்கவில்லை.

பொலிஸில் உத்தியோகத்தர் முதலில் கேட்டது, பிள்ளைக்கு ஏன் போன் கொடுத்தீர்கள் என்று. கடைகளில் பேசிப் பழகிய சிங்களம்தான் உமக்குத் தெரியும். அந்தச் சிங்களத்திலேயே, “பள்ளிக்கூடத்தைப் பூட்டினது நாங்களோ சேர்?” என்று திருப்பிக் கேட்டீர். அவர் பேனையை எடுத்தார்.

பிள்ளையின் வாக்குமூலத்தை வீடியோவில் பதிவுசெய்து வழக்கில் பயன்படுத்தச் சட்டத்தில் இடம் இருப்பதைப் பிறகு எங்கள் வழக்குக்கு வந்த சட்டத்தரணி மிஸ் சொல்லித்தான் அறிந்தோம். அதற்குள் அவள் பொலிஸிடமும் வைத்தியரிடமும் மொழிபெயர்க்க வந்தவரிடமும் எல்லாவற்றையும் சொல்லிச் சொல்லிக் களைத்திருந்தாள். “சட்டம் இருக்கு மிஸ். பிள்ளை போய் நிக்கேக்கைதான் அது அங்கை இல்லை” என்று நீர் அவவிடம் சொன்னீர்.

கனடாவிலிருந்து உம்முடைய அண்ணர் போன் எடுத்து, வழக்கை விட்டுவிட்டுப் பிள்ளையைத் தன்னிடம் அனுப்பச் சொன்னார். “அவனை விட்டால் இன்னொரு பிள்ளையிட்டைப் போவான் அண்ணை” என்று போனை வைத்தீர். பிறகு குளியலறைத் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதது எனக்குக் கேட்டது.

அவனைப் பிடித்தார்கள். கொட்டாஞ்சேனையில் கடை வைத்திருப்பவன். பிணையில் வந்ததும் கடையைத் திறந்துவிட்டான். உம்முடைய தங்கை வீடு இருப்பதும் அங்கேதான். அதன்பிறகு ஒரு பெருநாளுக்கும் நாங்கள் அந்தப் பக்கம் போகவில்லை. அவன் ஊரெல்லாம் திரிந்தான். நாங்கள் மூன்று பேரும் யன்னல் சீலையை இழுத்துவிட்டு இருந்தோம். வழக்கு தவணை தவணையாகத் தள்ளிப் போனது. இடையில் உமக்குச் சிறுநீரக வருத்தம் வந்து, போன வருஷம் நீரும் போய்விட்டீர்.

போன மாதம்தான் அவளைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். பத்தொன்பது வயதாகிவிட்டது. அவன் முகத்தைப் பார்க்காமல் வேறு அறையிலிருந்து, திரை வழியாகச் சொல்லலாம் என்றார்கள். அதற்காக மிஸ்ஸை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது நீர். பக்கத்தில் இருக்க என்னை அனுமதித்தார்கள்.

எதிரித் தரப்புச் சட்டத்தரணி கேட்டார், “இவ்வளவு நடந்தும் ஏன் அப்போதே ஒருவருக்கும் சொல்லவில்லை?”

“சொன்னனான். அம்மாவிட்டைச் சொன்னனான்.”

“அம்மா என்ன கேட்டவ?”

“சாப்பிட்டியோ எண்டு கேட்டவ.”

மொழிபெயர்ப்பாளர் அதைச் சிங்களத்தில் சொல்லக் கொஞ்ச நேரம் எடுத்தார்.

தீர்ப்பு இன்னும் வரவில்லை. அவனுடைய போனை எடுத்துவிட்டார்கள், ஆனால் படம் வேறு எவரிடமும் போகவில்லை என்று எந்த நீதிமன்றமும் எங்களுக்குச் சொல்ல முடியாதாம். பஸ்ஸில் யாராவது போனைப் பார்த்துச் சிரித்தால் அவள் தலையைக் குனிகிறாள். நானும் குனிகிறேன்.

அன்று மத்தியானம் அவளுடைய அறைக்குள் நீர் முதலில் கேட்டது என்னவென்று எனக்கு அந்தச் சாட்சியத்தில்தான் தெரிந்தது. இப்போது பின்னேரம் வேலையால் வந்ததும் நானும் அதையேதான் கேட்கிறேன். சில நாள் பதில் வரும். சில நாள் கதவு திறக்காது. கதிரையை இழுத்து அவளுடைய அறைக்கு வெளியே போட்டுக்கொண்டு இருக்கிறேன்.