பெல்ஜியத்துக்காக வளர்த்த தாடி

நேற்று புக்கிட் ரோத்தான் கடைத்தெருவில் முடிவெட்டிக்கொள்ளப் போனேன். வெட்டுவதற்குத் தலையில் என்ன இருக்கிறது என்று கேட்காதே. நம் வயதுக்காரர்கள் அந்தக் கடைக்குப் போவது ஊர்க்கதை கேட்கத்தான். பக்கத்து நாற்காலியில் நம் பழைய தோட்டத்து மேல் லயத்துப் பெரியவர். அவர் கன்னத்தில் படிகாரக் கல்லைத் தேய்த்துப் பவுடர் போட்டார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நீ வந்துவிட்டாய், தாடியோடு.

பெல்ஜியத்தை நீ கண்டுபிடித்தது நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தில். செம்பனைக் குலை ஏற்றிய லோரியோடு எண்ணெய் ஆலை வாசலில் வரிசையில் நிற்பாய். தின்று முடித்ததும் பொட்டலம் மடித்த பேப்பரைப் படிப்பாய். உலக விவகாரமெல்லாம் சம்பல் எண்ணெய் ஊறித்தான் உனக்கு வந்து சேரும். அது 2011.

"டேய், இந்த நாட்டுல எலெக்சன் முடிஞ்சும் கவர்மெண்ட் அமையலடா. வடக்குல ஒரு பாஷ, தெக்குல ஒரு பாஷ, ஒத்துப்போக மாட்டேங்குறானுங்க. ஆனா ட்ராம் ஓடுது, குப்பை அள்றான்! கவர்மெண்ட் வர்ற வரைக்கும் சவரம் பண்ண மாட்டோம்னு சில பேரு தாடி வளக்குறாங்களாம்."

அப்போது நம் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கும் நிர்வாகம் இல்லை. முதல் மரியாதை யாருக்கு என்று தொழிலாளர் வரிசை வீடுகள் இரண்டும், மேல் லயமும் கீழ் லயமும், நாற்காலிகளை வீசிக்கொண்டதில் தலைவர் பதவி காலி. தோட்டம் விலைபோய்க்கொண்டிருந்தது. வாங்குகிறவர்கள், ஒரே நிர்வாகமாக வந்து கேட்டால் கோயிலுக்கு மாற்று நிலம் தருகிறோம் என்றார்கள். இரண்டாக நின்றால் அம்மனுக்கு இடமில்லை. பெல்ஜியத்தில் இரண்டு மொழி. இங்கே ஒரே மொழி, அதனால் திட்டியதெல்லாம் எல்லாருக்கும் தெளிவாகப் புரிந்தது.

மறுநாளிலிருந்து நீ சவரத்தை நிறுத்தினாய். ஊர் விடுமா? "என்னண்ணே, பத்துமலைக்கு வேண்டுதலா?" என்றார்கள். "அண்ணி முழுகாம இருக்காங்களாமே?" என்றார்கள். பேரன் எடுத்தவனைப் பற்றி அந்தச் செய்தியைக் கிளப்பிவிட்டது யார் என்று கடைசிவரை தேடினாய். இப்போதும் நான் சொல்வதாக இல்லை.

"பெல்ஜியத்துக்கு லா" என்று நம் ஊர் இழுவையோடு சொன்னாய். பெயர் ஒட்டிக்கொண்டது.

திருவிழா வந்தது. "தலைவர் இல்லாம அங்க ட்ராம் ஓடுது, இங்க ரதம் ஓடாதா?" என்று உன் லோரியையே ரதமாக ஜோடித்தாய். நான் தேங்காய்த் தட்டோடு உன் பக்கத்தில். முச்சந்தியில் இரண்டு லயத்தாரும் மறித்துக்கொண்டார்கள்.

"ஏய் பெல்ஜியம், மொதல்ல எங்க பக்கம் திருப்பு!"

"அங்க திருப்பிப் பாரு, டயரு இருக்காது!"

நீ எஞ்சினை அணைத்தாய். மழை பிடித்துக்கொண்டது. இரண்டு பக்கமும் குடை இருந்தது. அவன் முதலில் பிடிக்கட்டும் என்று இரண்டு பக்கமும் நின்றது. அம்மன் முகத்து மஞ்சள் கரைந்து பட்டுப்புடவையில் இறங்கியது. நீ வண்டியைப் பின்னோக்கி எடுத்து, கோயில்வரை அப்படியே போனாய்.

"ஆத்தாவ ரிவர்ஸ்ல கொண்டுபோன மொத ஆளு நான்தான்டா" என்று சிரித்தாய். இறங்கியதும் உன் துண்டை அவிழ்த்து அம்மன் தலைக்கு மேல் பிடித்தாய்.

வருடக் கடைசியில் போன் செய்தாய். "அவனுங்க கவர்மெண்ட் அமைச்சிட்டானுங்கடா. இனிமே இந்தத் தாடி நம்ம கோயிலுக்காக மட்டும்தான்."

நிலம் வரவில்லை. லயங்கள் இருந்த இடத்தில் இன்று மாடி வீடுகள். அம்மன் இன்னும் சாலையோரத் தகரக் கொட்டகையில்தான். உன் தாடி நெஞ்சுவரை இறங்கி வெளுத்தது.

சர்க்கரை முதலில் உன் காலை எடுத்தது, போன தீபாவளிக்கு முன்னால் உன்னையும். வீட்டு வாசலில் இரண்டு கூடாரம் போட்டார்கள், லயத்துக்கு ஒன்று. குளிப்பாட்டும்போது உன் மகன், "மாமா, அப்பாவுக்குத் தாடிய எடுத்திடவா?" என்று என்னைக் கேட்டான்.

நான் வாய் திறக்குமுன், "எடுத்திடுப்பா, மொகம் தெரியட்டும்" என்றார் மேல் லயத்துப் பெரியவர்.

"ஆமா, அதான் சரி" என்றார் கீழ் லயத்துக்காரர் ஒருவர்.

சொல்லிவிட்டு இருவரும் திடுக்கிட்டுப் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் கிண்ணம் பிடிக்க, மற்றவர் சவரம் செய்தார். இத்தனை வருடம் நீ கேட்டது இவ்வளவுதானே? பாடை கிளம்பும்போது முன்பக்கம் யார் தோள் என்று மறுபடியும் ஆரம்பித்துவிட்டார்கள்.

நேற்று கடைக்காரத் தம்பி என் மோவாயைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தான். "என்னண்ணே, நீங்களும் வளக்குறீங்களா? அண்ணி முழுகாம இருக்காங்களா?" கடையே சிரித்தது.

"பெல்ஜியத்துக்கு லா" என்றேன்.

மேல் லயத்துப் பெரியவர் கண்ணாடியில் என்னைப் பார்க்காமல், தன் வழவழத்த கன்னத்தையே தடவிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்காரி என் தாடியைப் பார்த்து ஆடு என்கிறாள். இருக்கட்டும். ஆனால் வெயிலில் பயங்கரமாக அரிக்கிறதுடா. நீ எப்படித்தான் தாங்கினாய்?