கடைசிப் பக்கத்தில் பென்சில் வட்டம்

கள்ளக்குறிச்சி,
திங்கள்.

என்னங்க,

போனில் பேசினால் சண்டையாகிவிடும் என்று எழுதுகிறேன்.

நூலகத்துக்கு வந்த புதிய சிறுவர் புத்தகங்களைப் படித்தேன். யானைக் கதை ஒன்று வாய்விட்டுச் சிரிக்க வைத்தது. பெரிய பிள்ளைகளுக்கான நாவலில் பள்ளிக்கூடப் பெண் ஒருத்தி தன் கல்யாணத்தையே நிறுத்துகிறாள்.

எங்கள் நூலகத்துக்கு வரும் எழில்மதி என்ற சிறுமி எடுத்துப் போயிருந்த அந்த நாவலை இன்று அவள் அம்மா திருப்பிக் கொடுத்தார். "இனிமே அவ இன்னாத்துக்கு இங்க வரணும்? உங்க கொழுந்தனாரக் கட்டிக்கினு உங்க வூட்டுக்கே வரப் போறாளே!"

தம்பிக்குப் பார்த்த பெண்ணுக்குப் பத்தொன்பது வயது என்றீர்கள். எழில்மதியின் உறுப்பினர் படிவத்தில் பதினைந்து.

நாவலின் கடைசிப் பக்கத்தில் குழந்தைகள் உதவி எண் இருக்கிறது. அதைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டிருந்தாள். நானே அழைத்துச் சொல்லிவிட்டேன். யார் பேசுவது என்று கேட்டார்கள். நூலகர் என்றேன். பிறகு, மாப்பிள்ளையின் அண்ணி என்றும் சொன்னேன்.

உங்கள் மனைவி