மெண்டலுக்கு ஒரு டை

பெரம்பலூர்
3-2-2025

அன்புள்ள சவரிமுத்து,

நலம்தானே? நம் அறிவியல் மன்றம் நேற்று வரலாற்றுச் சிறப்புமிக்க முடிவொன்றை எடுத்தது. பட்டாணிச் செடியில் மரபியலைக் கண்டறிந்த மெண்டலை மன்றச் சுவரில் நீ வரைந்து கொடுத்தாயல்லவா, அந்தப் படத்தில் மார்பிலுள்ள சிலுவையை அழித்துவிட்டு டை கட்டிவிடப்போகிறோம். நிறத்தில்தான் இழுபறி. கடைசியில் நீலம் வென்றது.

கடவுள் நம்பிக்கை உள்ளவன் என்று வாட்ஸ்அப் குழுவிலிருந்து உன்னை நீக்கிவிட்டதால் தபாலில் எழுதுகிறேன். தப்பாக நினைக்காதே. 16ஆம் தேதி ஞாயிறு படத் திறப்பு விழா. அன்று நாம் வழக்கம்போல் புதைபடிவக் கல் பொறுக்கப் போக முடியாது.

உன்
அறிவழகன்

அரியலூர்
6-2-2025

அன்புள்ள அறிவழகா,

மெண்டல் துறவி. பட்டாணி விளைந்தது மடத்துத் தோட்டத்தில். உலகை ஒருவர் ஒழுங்காகப் படைத்திருப்பார் என்று நம்பித்தான் கெப்ளர் கோள்களின் கணக்கைத் தேடினார். இதனால் கடவுள் இருப்பது நிரூபணமாகாது. அப்படி நான் சொல்லவும் இல்லை. உள்ளதை உள்ளபடி வை என்கிறேன். அதுதான் அறிவியல் என்று எனக்குச் சொன்னவன் நீ.

எங்கள் தேவாலயப் பங்கு இளைஞர்கள் வேறு, தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் வேண்டுமென்கிறார்கள். "அவர் புனிதர் இல்லப்பா" என்றேன். "நீங்க எந்தப் பக்கம் சார்?" என்கிறார்கள். பெயிண்ட் டப்பாவோடு வருகிறார்கள். தடுக்க நானும் வருகிறேன்.

சுண்ணாம்புச் சுரங்கத்தருகே நாம் தோண்டியெடுத்த நத்தைக் கல்லை மேசையில் வை. அரியலூர் ஒரு காலத்தில் கடல் என்று எல்லோரும் பார்க்கட்டும்.

அன்புடன்
சவரிமுத்து

பெரம்பலூர்
17-2-2025

அன்புள்ள சவரி,

விழா வரவேற்புரை வரை சிறப்பாக நடந்தது. பிறகு உங்கள் பையன் ஒருவன் ஏணியில் ஏற, எங்கள் செந்தில்குமார் ஏணியை உதைத்தான். விழுந்தவனுக்குத் தாடை உடைந்தது. செந்தில்குமாருக்கு நாற்காலியால் அடித்ததில் இரண்டு விலா எலும்பு. "பகுத்தறிவோடு நடந்துக்கங்க" என்று பேசிக்கொண்டிருந்த என் மண்டையில் மைக்காலேயே அடித்தார்கள். அந்த வெறியில், ஒளிவட்டம் போட ஏறிய இன்னொருவன்மேல் நத்தைக் கல்லை எறிந்தேன். அவனை இறக்கிவிட நீ ஏன்டா குறுக்கே வந்தாய்?

உன் ரத்தம் தெறித்து டை சிவப்பாகிவிட்டது. தீர்மானத்துக்கு மாறானது என்பதால் மறுபடி நீலம் பூசச் சொல்லியிருக்கிறோம்.

கண் எப்படி இருக்கிறது? அடுத்த ஞாயிறு கல் பொறுக்க வருவாயா? ஒரு வரி எழுது.

உன்
அறிவழகன்

அரியலூர்
21-2-2025

அறிவழகா,

நான் சொல்ல என் மனைவி எழுதுகிறாள்.

போலீஸ் வந்து கேட்டார்கள். உள்ளதை உள்ளபடி சொன்னேன். எறிந்தது நீ, குறி நான் இல்லை. நத்தைக் கல்லை அவர்கள் எடுத்துப்போய்விட்டார்கள்.

வலது கண்ணைச் செவ்வாய்க்கிழமை எடுத்துவிட்டார்கள்.

சவரிமுத்து