பதர் இல்லாத அறுபது உறைகள்

ஹவுகன்ஸ்டுவா, ஒஸ்லோ
14.03.2007

அன்பு மகள் நிசாந்தினிக்கு,

பிள்ளையார் துணையால் இங்கே எல்லாரும் சுகம், நீயும் அந்த மணிலா வெக்கைக்குள் காய்ச்சல் தடிமன் இல்லாமல் இருக்க அவரே பார்த்துக்கொள்ளட்டும். இன்னும் பனி கரையவில்லை, உன் அண்ணா சிவகரன் விடியவே பஸ் ஓட்டப் போய்விடுகிறான், அண்ணி அருள்ராணிக்கு முதுகு நோ கொஞ்சம் பரவாயில்லை. அபிஷாவைத்தான் கணக்கு ரீச்சர் எழுப்பி மற்றப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டச் சொல்கிறாவாம், யாருடைய பேத்தி. எனக்குத்தான் நீ ஞாயிற்றுக்கிழமை ரெலிபோன் எடுத்ததிலிருந்து ஓரிடத்தில் இருக்க முடியவில்லை, தேத்தண்ணிக்கு வைத்த தண்ணீரை இரண்டு தரம் வற்ற விட்டுவிட்டேன்.

நீ இங்கே பல்கலைக்கழகத்தில் விளைவித்து, அவசரமாக மணிலா வேலைக்குப் போகும்போது எங்கள் பிரிஜ்ஜில் வைத்துவிட்டுப் போன அறுபது நெல் உறையும் மணிலாவில் கப்பல் வேலைக்கு ஏற வரும் சுரேன் கொண்டுவரும் பையில் பத்திரமாக இருக்கின்றன. வெள்ளிக்கிழமை புறப்படுகிறான், கப்பலில் ஏறமுதல் உன்னிடம் தந்துவிட்டுத்தான் போவான், விதை கொண்டுபோகலாம் என்று பல்கலைக்கழகம் தந்த கடிதமும் உள்ளே இருக்கிறது. அந்த உறைகளைப் பற்றித்தான் நான் சொல்லவேண்டும். தைப்பொங்கலுக்கு முதல்நாள் பிரிஜ்ஜைக் கழுவினேன், ஒன்றைத் திறந்து பார்த்தால் பாதி பதர், கிளிநொச்சியில் இருபத்தைந்து வருசம் வயல் செய்தவளுக்குக் கை சும்மா இருக்குமா, என் பிள்ளை விதைநெல்லைப் பதரோடு வைத்திருக்கிறாளே என்று சுளகை எடுத்துக்கொண்டு பல்கணிக்குப் போய் அறுபதையும் புடைத்துவிட்டேன். ஒன்றோடொன்று கலக்கவில்லை, ஒவ்வொன்றையும் அதனதன் நம்பர் உறைக்குள்ளேயே திருப்பிப் போட்டேன், அதில் மட்டும் பிழை விடவில்லை. பதரெல்லாம் கீழ்வீட்டு நோர்வேக்காரியின் பல்கணிப் பனியில் போய் விழுந்தது, குருவிக்குத் தீன் போடுகிறேனாக்கும் என்று மனிசி கையைக் காட்டிச் சிரித்தா, நானும் பெருமையாகச் சிரித்தேன்.

நீ ஞாயிறு சொன்னாய், பூக்கிற நேரம் குளிருக்குள்ளை வைச்ச பயிரம்மா, எதிலை பதர் குறைவோ அதுதான் குளிரைத் தாங்கின நெல்லு, நெல்லையும் பதரையும் எண்ணித்தான் எதை வைச்சிருக்கிறது எதைக் கழிக்கிறது எண்டு சித்திரைக்குள்ளை சொல்லவேணும் என்று. ஓம் ஓம் என்று சொல்லி ரிசீவரை அண்ணியிடம் கொடுத்துவிட்டேன். அன்றைக்கு நான் புடைத்ததைப் பல்கணியில் நின்று பார்த்த அபிஷா பின்னாலேயே வந்து, அப்பம்மா, மாமிக்கு ஏன் சொல்லேல்லை, பயமோ என்று கேட்டாள். போடி வாயாடி என்றேன், ஆனால் பயம்தான். சொல்லாமல் விட்டால் நீ எண்ணுவாய், குளிருக்குச் செத்த நெல்லும் தாங்கின நெல்லும் ஒரேமாதிரி முத்தாகத்தான் தெரியும், நீ கூடாததை நல்லது என்று எழுதிக் கொடுப்பாய், அதை நம்பி எவனோ ஒரு கமக்காரன் விதைப்பான். அந்தப் பாவம் உன் பேரில் வரக்கூடாது.

பதினேழாம் நம்பரில் அரைவாசிக்கு மேல் பறந்தது, நாற்பத்திரண்டில் ஊத ஊத ஒன்றும் போகவில்லை. இது என் கை அறிந்தது, ஆனால் உன் கொப்பியில் எழுதாதே, எண்ணாதது கணக்கில்லை. முளை கெட ஒன்றும் செய்யவில்லை, திரும்ப விதைத்துத் திரும்பக் குளிருக்குள் வை. ஒரு போகம் பிந்தும். உன் வேலையிடத்துப் பெரியவர் கேட்டால் மழுப்பாமல் என் அம்மா புடைச்சுப் போட்டா என்று சொல்லு, ஐந்தாம் வகுப்புப் படித்தவள் என்றும் சொல்லு, எனக்கு வெட்கமில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, வயலுக்குப் போனால் தொப்பி போடு. கதிர்காமத்து முருகன் உன்னை நல்லாய் வைத்திருப்பான். இதை வாசித்ததும் ரெலிபோன் எடு பிள்ளை, ஏசுவதென்றாலும் எடுத்து ஏசு, எடுக்காமல் மட்டும் இருந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா
கனகாம்பிகை